அமெரிக்கக் கேப்புக் கார்பைன்கள்: தூலோனில் இருக்கும் மாமாவின் சேகரிப்பை என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். என் தாயாரின் பிறந்த வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ளது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, பிரான்சின் தூலோன் நகரிலேயே தங்கிவிட்ட என் தாய்மாமாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. புதுச்சேரியில் 'சொல்தா' (பிரெஞ்சுப் படை வீரர்) என்றதும் பிரெஞ்சு ஓய்வூதியம்தான் பலருக்கு நினைவுக்கு வரும்; எங்கள் குடும்பத்தில் மாமா என்றால் பழைய துப்பாக்கிகள் நினைவுக்கு வரும். முப்பது ஆண்டுகளாக அங்குள்ள சேகரிப்பாளர் சந்தைகளில் அலைந்து, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தைச் சேர்ந்த, பின்வாய் வழியாகத் தோட்டாவை இட்டுக் கேப்பால் (தட்டியதும் தீப்பொறி எழுப்பும் சிறு செம்புத் தொப்பி) வெடிக்கும் குதிரைப்படைக் கார்பைன்கள் (குட்டைத் துப்பாக்கிகள்) நான்கை அவர் சேர்த்து வைத்திருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, "உனக்கு ஆசை இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் விற்றுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆசை இருக்கிறது; விவரம்தான் போதவில்லை. அவர் அனுப்பிய படங்களைப் பார்த்து நான் புரிந்துகொண்டது இவ்வளவே: இரண்டு ஷார்ப்ஸ் கார்பைன்கள், ஒரு பர்ன்சைடு, ஒரு கேலகர். ஷார்ப்ஸ் ஒன்றின் குழலில் 'நியூ மாடல் 1863' என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. நான்கும் ஒரே போரில், ஒரே குதிரைப்படைக்காக வாங்கப்பட்டவை என்கிறார்கள். ஆனால் ஒன்றின் அமைப்பு மற்றொன்றைப்போல் இல்லை. நான்கு ஆண்டுப் போருக்கு இத்தனை வகைகள் எதற்கு என்பது என் முதல் ஐயம்.

இரண்டாவதாக, 1870-இல் பிரஷ்யாவோடு நடந்த போருக்காகப் பிரான்ஸ் அமெரிக்காவிடமிருந்து வாங்கிய சரக்கில் இவை வந்தன என்று மாமா உறுதியாக நம்புகிறார். அது உண்மைதானா, உண்மையென்றால் துப்பாக்கியைப் பார்த்தே அதை அறிய முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. நூற்று அறுபது ஆண்டு பழைய பொருள்கள்தானே, இவற்றைக் கடலூருக்குக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பதற்கு வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நானும் உங்கள் மாமாவைப் போல அங்கே இருபது ஆண்டுகள் இருந்து திரும்பியவன். இந்த வகைத் துப்பாக்கிகளை வாங்கியதைவிட, பிறர் மேசைகளில் புரட்டிப் பார்த்ததே அதிகம். உங்கள் முதல் ஐயத்திற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்வாயைத் திறந்து மருந்தையும் குண்டையும் வைப்பது கடினமான காரியம் அன்று. திறந்த வாயை, வெடிக்கும்போது புகையும் நெருப்பும் வெளியே கசியாதபடி அடைப்பதுதான் கடினம். இந்தத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் அந்த ஒரே சிக்கலுக்கு ஒவ்வொருவர் கண்ட விடை. ஆகவே இவற்றைச் சேகரிப்பவர் ஆண்டையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், 'இது எந்த இடத்தில் கசியும், அதை எப்படித் தடுக்கப் பார்த்தார்கள்' என்று கேட்டுப் பழகவேண்டும். நான் பார்த்தவரையில், இப்படிக் கேட்காமல் பெயர்களை மட்டும் அடுக்கியவர்களின் சேகரிப்பு ஐந்தாறு துப்பாக்கிகளோடு சலித்துப்போய் நின்றுவிடுகிறது.

கதை ஜான் ஹால் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1811-இல் காப்புரிமை பெற்ற அவருடைய அமைப்பை அமெரிக்கப் படை 1819-இல் ஏற்றுக்கொண்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்னும் அரசு ஆயுதச்சாலையில், ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தும்படி அவர் செய்து காட்டியது தொழில் வரலாற்றிலேயே பெரிய செய்தி. தொடக்கத்தில் அது சிக்கிமுக்கிக் கல்லால் பற்றும் துப்பாக்கி. புதிதாக அமைத்த குதிரைப்படைக்காக 1833-இல் அதே அமைப்பில் ஒரு கார்பைனைச் சிமியோன் நார்த் செய்து கொடுத்தார். அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட முதல் கேப்புத் துப்பாக்கி அதுவே. ஹாலின் அமைப்பில் குழலின் பின்பகுதி தனித் துண்டாக நிமிர்ந்து எழும். மருந்தை நிரப்பி அழுத்தினால் கீழே அமர்ந்துகொள்ளும். குழலும் துண்டும் சேரும் இடத்தில் முடியளவு இடைவெளி இருந்தே தீரும், தேயத்தேய அது பெரிதாகும். ஆகையால் ஹால் துப்பாக்கி கிடைத்தால் நான் முதலில் விளக்கொளியைப் பின்னால் பிடித்து அந்தச் சந்தைத்தான் பார்ப்பேன். மெக்சிகோ போரில் அந்தத் துண்டைத் தனியே கழற்றிச் சட்டைப் பையில் கைத்துப்பாக்கியாக வைத்துக்கொண்ட வீரர்களும் இருந்தார்கள். அது வேடிக்கைதான், ஆனால் இன்று பல ஹால்களில் உடலுக்கும் துண்டுக்கும் பொருத்தமில்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த வேடிக்கை நினைவுக்கு வரும்.

ஹாலிடம் வேலை பார்த்தவர் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ். அவர் 1848 செப்டம்பர் 12-இல் பெற்ற காப்புரிமையின்படி, விசைக்காப்பையே (சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையம்) நெம்புகோலாகக் கீழே இழுத்தால், கெட்டியான இரும்பு அடைப்பான் ஒன்று செங்குத்தாகக் கீழே இறங்கும். தாளாலோ துணியாலோ செய்த தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை மேலே தூக்கினால், அடைப்பானின் கூர்மையான விளிம்பு தோட்டாவின் பின்முனையை வெட்டிவிடும்; கேப்பின் நெருப்பு மருந்தை நேராகச் சென்று தொடும். வாழைத்தண்டை அரிவாள்மணையில் அரிவதைப் போலத்தான். வெட்டும்போது கொஞ்சம் மருந்து மேலே சிந்தும் என்பது அதன் குறை. கசிவைத் தடுக்க வளையங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், முழுவதும் நிற்கவில்லை. ஆயினும் உறுதியும் எளிமையும் வென்றன. உள்நாட்டுப் போரில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 80,000 ஷார்ப்ஸ் கார்பைன்களை வாங்கியது.

பர்ன்சைடு வேறு வழியில் போனார். ஆம்புரோஸ் பர்ன்சைடு என்பவர்தான் பிறகு தளபதியாகி 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் பெருந்தோல்வி கண்டவர். கிருதாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அவர் முகத்திலிருந்து வந்ததே. 1856-இல் அவர் பெற்ற காப்புரிமையில் அடைப்பானைவிடத் தோட்டாதான் முக்கியம். மெல்லிய பித்தளையில், கடற்கரையில் சுண்டல் மடித்துக் கொடுக்கும் கூம்புப் பொட்டலம் போன்ற வடிவம். நடுவில் ஒரு புடைப்பு. அடியில் கேப்பின் நெருப்பு நுழைய ஒரு சிறு துளை. அடைப்பானும் குழலும் சேரும் கோட்டில் அந்தப் புடைப்பு போய் உட்காரும். வெடிக்கும்போது பித்தளை விரிந்து அந்தச் சந்தைத் தானே அடைத்துவிடும். இரும்பை எவ்வளவு துல்லியமாக இழைத்தாலும் நிற்காத கசிவை ஒரு மெல்லிய பித்தளைத் தகடு நிறுத்திவிட்டது! சுமார் 55,000 பர்ன்சைடுகள் வாங்கப்பட்டன. காப்புரிமையைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டு வெளியேறியவர் என்பதால், போரில் குவிந்த பணம் அவருக்கு வந்து சேரவில்லை.

மேனார்டு ஒரு பல் மருத்துவர். அகன்ற தட்டையான அடியுடைய பித்தளைத் தோட்டா அவருடையது; வெறுங்கையால் பிடித்து இழுத்து எடுத்து, மீண்டும் மீண்டும் நிரப்பலாம். அதற்கு முன்பே, 1845-இல், தாள் நாடாவில் வெடிப்பொட்டுகளை வரிசையாக வைத்து, குதிரையை (கேப்பைத் தட்டும் சுத்தியல் போன்ற உறுப்பு) தூக்கும்போது ஒவ்வொன்றாக நகரும் ஏற்பாட்டிற்கும் காப்புரிமை பெற்றிருந்தார். தீபாவளித் துப்பாக்கியில் நாம் போட்ட சுருள் கேப்பும் அதே வழியில் நகர்வதுதான். கில்பர்ட் ஸ்மித் மருத்துவர். அவர் ரப்பர் தோட்டாவை வைத்துக் கசிவை அடைத்தார். ஸ்டார், மெரில் ஆகியவை துணி அல்லது தாள் தோட்டாவோடு நின்றவை. அவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை, விரும்புபவர்கள் மன்னிக்கவும்.

உங்கள் மாமாவின் கேலகரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிலடெல்பியாவில் ரிச்சர்ட்சன் அண்டு ஓவர்மன் நிறுவனத்தார் செய்தது. நெம்புகோலை இழுத்தால் குழல் முன்னே நகர்ந்து தலைகுனியும். குழலுக்குக் கீழே மரமே இருக்காது என்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். தோட்டாவின் ஒரு பாதி குழலிலும் மறுபாதி பின்புறத்திலும் உட்காரும் அமைப்பு. வெடித்தபின் விரிந்த கூடு அங்கேயே இறுகிக்கொள்ளும். அதை வெளியே இழுக்கும் உறுப்பு எதுவும் கிடையாது. குதிரைமேல் இருந்துகொண்டு சூடான பித்தளையை நகத்தால் நெம்பிய வீரன் என்ன சொல்லித் திட்டியிருப்பான் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். படையில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் சேகரிப்பவருக்குத் தோற்ற விடையும் ஒரு விடைதான். பர்ன்சைடுக்குப் பக்கத்தில் கேலகரை வைத்தால்தான் பர்ன்சைடின் அருமை தெரியும்.

1870 கதைக்கு வருவோம். அந்தப் போரின்போது அமெரிக்க அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த ஆயுதங்களைப் பெருமளவில் விற்றதும், அவை இடைத்தரகர்கள் வழியாகப் பிரான்சுக்குப் போனதும் உண்மை. 1872-இல் அமெரிக்க மேலவையில் இதைப் பற்றி விசாரணையே நடந்தது. ஆகவே பிரெஞ்சுச் சந்தைகளில் இவை கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி அந்தக் கப்பலில் வந்ததா, அல்லது கடந்த ஐம்பது ஆண்டில் எவரோ ஒரு சேகரிப்பாளர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தாரா என்பதைக் கூடவே வந்த தாள் ஏதேனும் இருந்தால்தான் சொல்லமுடியும். தாள் இல்லாத கதைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம் என்பது என் வழக்கம்.

புதுப்பாளையம் வழக்குரைஞர் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன். கேட்டவர் தயங்கியது சரியே.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில், வழக்கொழிந்த அமைப்புடைய அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பதாகப் பலரும் பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மறுபாதியைப் படிக்கவேண்டும். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடும் கருவியாகப் பயன்படுத்தவே இயலாத நிலையில் இருக்கும் பொருளுக்குத்தான் அந்த விலக்கு. உங்கள் மாமா பேணி வைத்திருக்கும் கார்பைன்களில் உடைந்த ஒரு நிப்பிளை (கேப்பைப் பொருத்தும் சிறு துளைக் குமிழ்) மாற்றினால் அவை சுடும் என்றால், வயது நூற்று அறுபது என்பது அந்தப் பிரிவின்கீழ் உங்களைக் காப்பாற்றாது.

2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தம் ஒன்று உண்டு. அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்தவோ, கையில் கொண்டு செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவோ உரிமம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. 'கொண்டு செல்லவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு பொருள் சட்டப்படி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதை வண்டியில் ஏற்றி, எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவருவது தனிச் செயல். அங்கே ஒன்றிய ஆட்சிப் பகுதியின் அதிகாரி, இங்கே கடலூர் மாவட்ட ஆட்சியர். முள்ளோடைச் சோதனைச் சாவடியில் மதுப் புட்டியைத் தேடும் காவலர் ஒருவர் பின்னிருக்கையில் கார்பைனைக் கண்டால் உங்களுக்கு என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளைப் பற்றியவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது சுங்கத்துறையும் சேர்ந்த விவகாரம். பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டு விமான நிலையத்தில் 'பழம்பொருள்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். கொண்டுவருவதாக இருந்தால், பொருள் தூலோனிலிருந்து நகர்வதற்கு முன்பே, படங்களோடும் விவரங்களோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும் சுங்கத்துறைக்கும் எழுதி, எழுத்தாகவே விடை பெறவேண்டும். வாய்மொழியாக எவர் என்ன சொன்னாலும் அதை வைத்து ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. அத்தகைய பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பமுடியாது. எப்படியோ எல்லா அனுமதியும் பெற்றுக் கொண்டுவந்துவிட்டீர்கள், பிறகு மனம் மாறி விற்க விரும்புகிறீர்கள் என்றால், வாங்கும் ஆள் இருக்கும் பிரான்சுக்கோ அமெரிக்காவுக்கோ அது திரும்பிப் போகாது. மாறாக, பிரான்சில் 1900-க்கு முற்பட்ட மாதிரிகளை வயது வந்தோர் உரிமம் இன்றியே வைத்திருக்கலாம் என்ற விதி 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருள் எங்கே நிம்மதியாக இருக்கும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சுவரில் மாட்டும் ஆசையை இன்றோடு விட்டுவிட்டேன்.

பெரியவர் ஐயாவிடம் இன்னும் சில ஐயங்கள். ஷார்ப்ஸ் இரண்டில் ஒன்றில் நிப்பிளே காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு தட்டையாக இருக்கிறது, குதிரையின் முகமும் மற்றதைவிட வேறாகத் தெரிகிறது. மரக்கட்டையின் இடப்பக்கம் ஒரு நாடா போன்ற சட்டத்துக்குள் டி, எஃப், சி என்ற மூன்று எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. மற்றதன் வரிசை எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்து இருக்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

இன்னொரு செய்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாமா விடுமுறைக்கு வந்தபோது, கேலிக்காக ஒரு பழைய பித்தளைக் கூட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அகன்ற அடி, நடுவில் ஊசித் துளை. நீங்கள் சொன்னதைப் படித்தபின்தான் அது மேனார்டு தோட்டாவின் வெறுங்கூடு என்று விளங்கியது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அதைக் குத்துவிளக்குகளோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். இப்போது தங்கம்போல் மின்னுகிறது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பித்தளையைக் கண்டால் நம் வீட்டுப் பெண்களின் கை சும்மா இருக்காது. ஆனால் போன நிறம் போனதுதான். நூற்று அறுபது ஆண்டுகளாகப் பித்தளைமேல் படிந்த பழுப்பு நிறம் அழுக்கு அன்று. அதுதான் அதன் பிறப்புச் சான்று. மருந்து வைத்தோ புகை காட்டியோ மீண்டும் பழுப்பாக்க முயன்றால் இரண்டாவது தவறாகும். அப்படியே விட்டுவிடுங்கள், காலம் தன் வேலையைச் செய்யும். மாமாவிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சிரிப்பார்.

நிப்பிள் இல்லாத ஷார்ப்ஸ் பற்றி நீங்கள் கவனித்தது மிகச் சரி. அது இப்போது கேப்புத் துப்பாக்கி அன்று. போர் முடிந்தபின், 1867 முதல் 1869 வரை, சுமார் 31,000 ஷார்ப்ஸ் கார்பைன்களை அமெரிக்க அரசு மீண்டும் தொழிற்சாலைக்கு அனுப்பி, நடுவில் பொட்டுள்ள உலோகத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியது. அடைப்பானுக்குள் குத்தூசி ஒன்றை வைத்து, குதிரையையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். குழல் தேய்ந்திருந்தால் உள்ளே புதிய குழாயைச் செருகினார்கள். டி, எஃப், சி என்பவை அந்த மாற்று வேலையைச் சோதித்த டேவிட் எஃப். கிளார்க் என்னும் ஆய்வாளரின் முதலெழுத்துகள். நல்ல பொருள்தான், ஆனால் '1870-இல் பிரான்சுக்கு வந்தது' என்ற கதை இதற்கு எளிதில் ஒட்டாது. 1873-இல் புதிய ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் வரும்வரை இத்தகைய மாற்றிய ஷார்ப்ஸ்களை அமெரிக்கக் குதிரைப்படையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் வந்திருக்கக்கூடும். உலோகத் தோட்டாவால் சுடும் கருவி என்பதால் வழக்குரைஞர் சொன்ன எச்சரிக்கை இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றதன் எண்ணுக்கு முன் இருக்கும் சி என்பது ரோமானிய எண்முறையில் நூறு அல்லவா? ஷார்ப்ஸ் நிறுவனத்தார் அதை ஒரு லட்சத்திற்கு அடையாளமாக வைத்தார்கள். சி-க்குப் பின் 12,345 என்றிருந்தால் 1,12,345 என்று படிக்கவேண்டும். பூட்டுத் தகட்டில் (குதிரை பொருத்தப்பட்ட பக்கத் தகடு) ஷார்ப்ஸின் 1852 அக்டோபர் 5 தேதியும், ஷார்ப்ஸ் தொழிற்சாலையை நடத்திய லாரன்சின் 1859 ஏப்ரல் 12 தேதியும் இருக்கவேண்டும். உடலின் இடப்பக்கம் 1848 தேதி இருக்கவேண்டும். ஷார்ப்ஸின் 1852 தேதி, வெடிப்பொட்டுகளைத் தானே முன்னே தள்ளும் சிறு ஏற்பாட்டுக்கானது; லாரன்சின் தேதி அந்த ஏற்பாட்டில் அவர் செய்த திருத்தத்துக்கானது. பூட்டுத் தகட்டில் அதற்கான உருளைப் பள்ளத்தைக் காணலாம். குழலின் நீளம் 22 அங்குலம் இருக்கிறதா என்று மாமாவை அளக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் எவரோ வெட்டியிருக்கிறார்கள்.

பெட்டியில் தோட்டா ஏதேனும் இருந்தால் அதை உடனே விசாரிக்கவேண்டும். கருமருந்துக்கு மூப்பு கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் இன்றும் பற்றும், கேப்பில் உள்ள வெடிப்பொருளும் அப்படியே. மாமா அவற்றைத் தட்டிப் பார்ப்பதோ சுரண்டிப் பார்ப்பதோ கூடாது. அங்குள்ள அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே முறை. நிப்பிள்மேல் குதிரையை வெறுமனே தட்டி விளையாடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாதி நிப்பிள்கள் அப்படி உடைந்தவையே.

வில்லியனூர் மரவேலைக்காரர் எழுதியது:

நான் துப்பாக்கி சேகரிப்பவன் அல்லன். பழைய பிரெஞ்சுக் காலத்து மேசை நாற்காலிகளைச் சீர்செய்பவன். ஆனால் இப்படிப்பட்ட ஒரு கட்டையைக் கையில் எடுத்தவன் என்ற உரிமையில் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இவற்றின் கட்டை அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம். அரசு வாங்கிய ஒவ்வொன்றிலும் ஆய்வாளர் தம் முதலெழுத்துகளை ஒரு நீள்வட்டச் சட்டத்துக்குள் முத்திரையாகக் குத்தியிருப்பார், பெரும்பாலும் இடப்பக்கத்தில். அந்த முத்திரையின் ஆழம் தாளின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். உப்புத்தாளை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் முத்திரை மாயமாகிவிடும்; கூடவே விலையில் பாதியும் போகும். மரம் பளபளவென்று இருந்து, இரும்பின் விளிம்பைவிட மரத்தின் விளிம்பு தாழ்ந்திருந்தால், எவரோ தேய்த்திருக்கிறார் என்று பொருள். செய்தபோது மரம் இரும்பைவிட இம்மியளவு உயர்ந்துதான் இருந்திருக்கும். விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். கண்ணைவிட விரலை நம்புங்கள்.

போலியைப் பற்றிப் பெரியவர் குறிப்பிடவில்லை. இத்தாலியில் ஷார்ப்ஸின் நகல்களைப் பல ஆண்டுகளாகச் செய்து விற்கிறார்கள். அவை நகல் என்று சொல்லியே விற்கப்படுபவை, செய்பவர்கள்மேல் தவறில்லை. அவற்றின் குழலில் இத்தாலியச் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும்: கருமருந்துக்கான பி, என் என்ற எழுத்துகளும், ஆண்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் கொண்ட சிறு பெட்டியும். இடையில் ஒருவர் அவற்றை அரத்தால் ராவிவிட்டு, துருவேற்றி, பழையது என்று விற்கும்போதுதான் வம்பு. ராவிய இடத்தில் குழல் சற்றுப் பள்ளமாக இருக்கும். ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், கலங்கிய நீரில் தெரியும் முகம்போல, பிம்பம் அந்த இடத்தில் மட்டும் வளையும்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலும் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. தூலோனும் கடற்கரை ஊர்தான் என்பதால் மாமாவுக்கும் இது பொருந்தும். தோல் உறையிலோ கம்பளித் துணியிலோ சுற்றி வைக்கக்கூடாது. இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பின்மேல் பூசும். வெறுங்கையால் தொட்டபின் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்துவிடவேண்டும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை, துணியில் தொட்டும் தொடாமலும் தடவினால் போதும். எங்கள் தொழிலில் பலரும் செய்யும் தவறு, நல்லது என்று எண்ணி நிறையத் தடவுவதுதான். அது பிசுக்காகி, தூசியைப் பிடித்து, மரத்தைக் கறுப்பாக்கிவிடும்.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

மரவேலைக்காரர் சொன்னதில் ஒன்றை மட்டும் சற்று மாற்றிக் கொள்ளலாம். நல்ல நிலையில் இருக்கும் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்கூட வேண்டாம் என்பதே என் கட்சி, மெழுகு போதும். மற்றவை அனைத்தும் எனக்கே புதிய பாடம்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு சிறு செய்தி. அமெரிக்கக் கேப்புக் கார்பைன் இந்தியாவுக்கு வராத பொருள் அன்று. 1850-களின் நடுவில் ஆங்கிலேய அரசு 6,000 ஷார்ப்ஸ் கார்பைன்களைத் தன் குதிரைப்படைக்காக வாங்கிச் சோதித்தது. அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவில் இருந்த குதிரைப்படைப் பிரிவுகளுக்கு வழங்கப்பட்டது. அவை 1855 மாதிரி, மேனார்டின் அந்தச் சுருள் கேப்பு ஏற்பாட்டோடு வந்தவை. ஆகவே 'அமெரிக்கத் துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன உறவு' என்று எவரேனும் கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை உண்டு. பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை ஊர்களை எழுதி வாங்கி, 'குண்டு' என்ற அடைமொழியைக் குண்டு உப்பலவாடியின் பெயரில் இன்றுவரை விட்டுச்சென்ற ஆங்கிலேயர் ஆண்ட ஊர் உங்கள் ஊர். உங்களுக்கு இதில் ஆர்வம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

நேற்று இரவு மாமாவிடம் நெடுநேரம் பேசினேன். குழலை அளந்தார்: 22 அங்குலம் சரியாக இருக்கிறது. பூட்டுத் தகட்டின் தேதிகள் இரண்டும் இருக்கின்றன. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், நீள்வட்டம் முழுவதும் தெரிகிறதாம். பெட்டியில் தோட்டா எதுவும் இல்லை.

நான்கும் தூலோனிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அங்கு வளரும் என் பெரியம்மா மகனின் பெயருக்கு அவற்றை எழுதி வைக்கப்போகிறார். நான் செய்யவேண்டியது, ஒவ்வொன்றின் முத்திரை, எண், அளவு, எங்கே எந்த ஆண்டில் வாங்கினார் என்ற விவரம் ஆகியவற்றை அவர் சொல்லச்சொல்ல ஒரு கோப்பில் பதிவு செய்வது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். பர்ன்சைடிலிருந்து தொடங்கச் சொல்கிறார். நான் கேலகரிலிருந்து தொடங்கலாம் என்றேன்.

புளி விஷயத்தையும் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் அம்மா சின்ன வயதில் என் பதக்கங்களையும் அப்படித்தான் துலக்கினாள்" என்றார்.

வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி பாக்கி: அந்த வெறும் பித்தளைக் கூடு என் மேசையில் இருப்பதற்கு ஏதேனும் தடை உண்டா?

புதுப்பாளையம் வழக்குரைஞர் எழுதியது:

சட்டத்தில் வெடிபொருள் என்பதன் வரையறை தோட்டாவின் பாகங்களையும் உள்ளடக்கியது. மருந்தும் குண்டும் இல்லாத, நூற்று அறுபது ஆண்டுப் பழைய துளையிட்ட கூட்டுக்காக எவரும் உங்கள் கதவைத் தட்டுவார் என்று நான் எண்ணவில்லை; ஆயினும் எண்ணம் வேறு, எழுத்து வேறு. படம் எடுத்து, எப்படிக் கிடைத்தது என்ற குறிப்போடு ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.